சுந்தரபாண்டியபுரத்து வண்டியின் டொக் டொக்

என் பெருமையை நானே பேசுகிறேன் என்று யாராவது நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும். முப்பத்தெட்டு வருஷம் வண்டிகளுக்கு அடியில் படுத்துக் கிடந்தவன் நான். தென்காசியிலும் குற்றாலத்திலும் அந்தக் காலத்தில் ஓடிய கார்களில் எது எந்த மேட்டில் முனகும், எது எந்தப் பள்ளத்தில் கிரீச்சிடும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன். இதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம்?

போன மாதம் பஸ் கம்பெனிப் பட்டறையிலிருந்து இரண்டு மெக்கானிக்குகள் வீடு தேடி வந்தார்கள். ஒரு பழைய காரில் சத்தமாம். ரப்பர் புஷ்ஷை மாற்றியாகிவிட்டதாம், ஷாக் அப்சார்பரை மாற்றியாகிவிட்டதாம், இன்னும் சத்தம் போகவில்லையாம். எப்போது கேட்கிறது என்று கேட்டேன். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். எனக்கு வந்த கோபத்தில் காப்பி கொடுக்கக்கூட மறந்துபோனேன். அவர்களை அனுப்பிவிட்டு அன்று மத்தியானமே இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் தொழில் படித்தது மதுரையில், மூன்று வருஷம். அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அடி வாங்கினேன், கிரீசில் உருண்டேன், கற்றுக்கொண்டேன். தொழிலாளியாக ஆனது தென்காசிக்கு வந்த பிறகுதான். ரயில்வே ஸ்டேஷனுக்குப் போகிற ரோட்டில் தகரக் கூரை போட்ட பட்டறை. முதலாளி திருநெல்வேலியில் இருந்தார். இங்கே எல்லாமே மேஸ்திரி ஞானமுத்துதான்.

மேஸ்திரி பாளையங்கோட்டைப் பக்கத்துக்காரர். காக்கி அரைக்கால் சட்டை, முழங்கால் வரை காலுறை, சட்டைப் பையில் எப்போதும் கிராம்பு. ஒரு கிராம்பை வாயில் போட்டால் அது தீருகிற வரைக்கும் பேசமாட்டார். வண்டிச் சொந்தக்காரர் மூச்சு விடாமல் புகார் சொல்லி முடிக்கட்டும் என்று அப்படியே நிற்பார். பிறகு சுவரில் மாட்டியிருக்கும் சிலேட்டை எடுப்பார். அதில் நாலே கேள்வி. மேட்டிலா பள்ளத்திலா, நேர் ரோட்டிலா திருப்பத்திலா, வெயிலிலா குளிரிலா, ஆள் ஏறினாலா ஏறாமலா. எங்கே சத்தம் என்று கேட்கவே மாட்டார். எப்போது என்று சொல்வது வண்டிச் சொந்தக்காரர் வேலை, எங்கே என்று கண்டுபிடிப்பது நம் வேலை என்பார். சிலேட்டு நிறையாமல் எவனும் ஸ்பானரைத் தொடக்கூடாது.

சிலேட்டு நிறைந்ததும் வண்டியைக் காலி செய்வோம். ஜாக்கி, காற்றடிக்கிற பம்பு, தகர டப்பா, சீட்டு மெத்தை எல்லாம் வெளியே வரும். பாதிப் புகார் அங்கேயே முடிந்துவிடும். ஒரு வக்கீல் வண்டியில் மூன்று மாதமாகக் கேட்ட கலகலச் சத்தம், அவர் வீட்டு அம்மாள் வேலைக்காரியைச் சந்தேகப்பட்டுத் தேடிக்கொண்டிருந்த வெள்ளிக் கொலுசு. அதிலும் அகப்படவில்லை என்றால் கயிறு. பானெட்டை இறுக்கிக் கட்டி ஒரு ஓட்டம், மட்கார்டைக் கட்டி ஒரு ஓட்டம், கதவைக் கட்டி ஒரு ஓட்டம். எதைக் கட்டினால் சத்தம் நிற்கிறதோ அதுதான் குற்றவாளி. இன்ஜின் பக்கம் என்றால் மூங்கில் குச்சி. ஒரு நுனியை இரும்பில் வைத்து மறு நுனியைக் காதில் வைத்துக் கேட்க வேண்டும். கடைசியாக ரோடு. புகார் சொன்னவர் எந்த இடத்தில் உட்கார்ந்து கேட்டாரோ அதே இடத்தில் நாங்கள் உட்கார வேண்டும். ஐந்தருவி வரைக்கும் ஏறிப்போய், திரும்புகிற இறக்கத்தில் இன்ஜினை அணைத்துவிட்டு வண்டியைத் தானாக உருளவிடுவோம். இன்ஜின் வாயை மூடினால் மற்றதெல்லாம் வாயைத் திறக்கும்.

இன்றைக்கு இருப்பவர்களுக்கு ஒன்று தெரியாது. அன்றைய காரில் பாதி மரம். கதவுச் சட்டம் மரம், தரை மரம், மேலே விரிக்கிற கான்வாஸ் கூரைக்கு வளைவுகள் மரம், சக்கரத்தின் ஆரக்கால்களும் மரம். மரமும் தகரமும் உரசுகிற இடத்தில் தோல் துண்டு வைப்போம், மெழுகு தேய்ப்போம், டியூபுக்குப் போடுகிற வெள்ளைப் பொடி தூவுவோம். சாரல் காலத்தில் குற்றாலத்திலிருந்து வரும் வண்டிகளுக்கு மட்டும் தனி வியாதி ஒன்று உண்டு. கூரை கிறுகிறுவென்று அழும். ஆள் குளிக்கப் போனதும் குரங்குகள் கூரைமேல் ஏறிக் குதித்து வளைவை ஒடித்திருக்கும். ஒரு செட்டிநாட்டு முதலாளி இதை நம்பாமல் எங்களைத் திட்டினார். மேஸ்திரி அவரை அருவிக்கரைக்கு அழைத்துப்போய், ஒரு மரத்துக்குப் பின்னால் அரை மணி நேரம் நிற்கவைத்து, அவருடைய வண்டியையே பார்க்கச் சொன்னார். அதற்குப் பிறகு அவர் வாயைத் திறக்கவில்லை.

மேஸ்திரியின் சட்டங்களில் ஒன்று மட்டும் எனக்குப் பிடிக்காது. டிரைவரிடம் எதையும் கேட்கக்கூடாது என்பார். டிரைவர் சத்தத்தைச் சொல்லமாட்டான், காரணத்தைச் சொல்லுவான், அந்தக் காரணம் நம் காதை அடைத்துவிடும் என்பது அவர் கட்சி.

இனி அந்த வண்டியைப் பற்றிச் சொல்கிறேன். யுத்தம் வருவதற்கு முந்திய காலம். புரட்டாசி வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. சுந்தரபாண்டியபுரத்துப் பண்ணையார் ஆவுடையப்ப பிள்ளை தம் காரில் வந்து இறங்கினார். அவருடைய அப்பா வாங்கிய பெரிய அமெரிக்க வண்டி. ஓட்டிவந்தவர் வேலாயுதம். வண்டி ஊருக்கு வந்த நாளிலிருந்து அவர்தான் டிரைவர். அதிகம் பேசாத மனிதர். பண்ணையார் பேசுவதோ பத்து வீட்டுக்குக் கேட்கும்.

அன்று மேஸ்திரி உதிரிச் சாமான் வாங்கத் தூத்துக்குடி போயிருந்தார். பட்டறையில் நான்தான் பெரிய ஆள். திரும்பும்போதெல்லாம் முன்பக்கத்தில் டொக் டொக் என்று அடிக்கிறது என்றார் பண்ணையார். போன மாதம் திருநெல்வேலியில் ஒரு பட்டறையில் பிரேக் வேலைக்கு வண்டி மூன்று நாள் நின்றதாம், வேலாயுதம்தான் கூட இருந்தாராம், அதிலிருந்துதான் இந்தச் சத்தமாம். இதைச் சொல்லிவிட்டு வேலாயுதத்தை ஒரு பார்வை பார்த்தார்.

நான் சிலேட்டைத் தொடவில்லை. மேஸ்திரி இல்லாமலே நான் எவ்வளவு கெட்டிக்காரன் என்று காட்டவேண்டும் என்ற அரிப்பு. இடது முன்சக்கரத்தைக் கழற்றிப் பேரிங்கை வெளியே எடுத்தேன். ஒப்பிட்டுப் பார்க்க வலது பக்கத்தையும் திறந்தேன். அதில் இருந்த கம்பெனி முத்திரை இதில் இல்லை. என் நாக்கில் சனி உட்கார்ந்திருந்தது.

"இது கம்பெனி சாமான் இல்லையே. யாரோ மாத்திருக்காவ" என்றேன்.

அவ்வளவுதான். பண்ணையார் வேலாயுதத்தின் பக்கம் திரும்பினார்.

"ஏலே, நல்ல சாமான வித்துட்டு ஓட்டச் சாமானப் போட்டுட்டு வந்தியாலே? கள்ளப்பய. எறங்கி நட."

எதிரே காப்பிக் கடைப் பெஞ்சில் பத்துப் பேர் இருந்தார்கள். மாட்டு வண்டிக்காரர்கள், ஸ்டேஷன் போர்ட்டர்கள், எல்லாரும் வேலாயுதத்துக்குத் தெரிந்தவர்கள். அவர் ஒரு ஆணியைக்கூடத் தொடவில்லை என்று ஒரே ஒரு தடவை சொன்னார். பிறகு சாவியைப் பானெட்டின் மேல் வைத்துவிட்டு ஊரைப் பார்த்து வெயிலில் நடக்க ஆரம்பித்தார். நான் கையில் பேரிங்கோடு நின்றேன்.

மறுநாள் காலையில் மேஸ்திரி வந்தார். பேரிங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏலே, இது நான் போட்டது. நாலு வருசத்துக்கு முன்ன. கம்பெனி சாமான் கிடைக்கலன்னு பண்ணையார்ட்ட சொல்லித்தான் போட்டேன்."

 அவர் ஒரு கிராம்பை வாயில் போட்டுக்கொண்டார். அது தீருகிற வரைக்கும் அவர் முன்னால் நின்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான கால் மணி நேரம் வேறு இல்லை.

"சிலேட்டுல என்ன எழுதுன?"

"ஒண்ணும் எழுதல ஐயா."

"ஒரு ஆளோட பேரக் கெடுத்துட்டியேலே."

உடனே போய்ப் பண்ணையாரிடம் சொல்லிவிடுகிறேன் என்றேன். வேண்டாம் என்றார். சத்தம் அப்படியே இருக்கும்போது பேரிங் நம்முடையது என்று போய்ச் சொன்னால், டிரைவரும் பட்டறையும் கூட்டு என்றுதான் அந்த மனிதர் நினைப்பார். முதலில் சத்தத்தைப் பிடி, பிறகு வாயைத் திற என்றார். அதுவும் சரியாகத்தான் பட்டது.

நாலு நாள் இரண்டு பேரும் அந்த வண்டியோடு மல்லுக்கட்டினோம். புதுப் பேரிங் போட்டோம். ஸ்டியரிங் மூட்டுகளைப் பிரித்தோம். வில்பட்டைகளுக்கு நடுவே கிரீஸ் ஏற்றினோம். கயிறு கட்டாத இடம் பாக்கியில்லை. பின்பக்கத்துப் பல்சக்கரப் பெட்டியைக்கூட மேஸ்திரி திறந்து பார்த்தார். சக்கரத்தைத் தூக்கிவைத்துக் கையால் ஆட்டினால் கல் மாதிரி நிற்கிறது. ரோட்டில் இறங்கித் திருப்பினால் டொக், டொக். மேஸ்திரி இரண்டு நாளாக வீட்டுக்குச் சாப்பிடக்கூடப் போகவில்லை. எனக்கு மண்டை காய்ந்துபோயிற்று. அதைவிடவும், வெயிலில் நடந்துபோன அந்த முதுகு கண்ணை விட்டுப் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மேஸ்திரி கோயிலுக்குப் போன நேரத்தில் சைக்கிளை எடுத்துக்கொண்டு சுந்தரபாண்டியபுரம் போனேன். அவர் சட்டத்தை முதன்முதலாக மீறினேன். வேலாயுதத்தின் வீட்டு வாசலில் அவருடைய மனைவி பேச்சியம்மாள் நெல்லைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார்.

"வாரும் மெக்கானிக்கே. சுடலைமாடன் கோயில் சாவி பதினாலு வருசமா இந்த ஆணியிலதான் தொங்கிச்சு. நேத்து அதையும் வாங்கிட்டுப் போயிட்டாவ. இன்னும் என்ன மிச்சம் இருக்குன்னு பாக்க வந்தீரா?"

 சாமி நகை இருக்கிற அறையின் சாவி அது. ஊர் நம்பிக் கொடுத்தது. என் ஒரு வார்த்தை இங்கே வரைக்கும் நடந்து வந்திருக்கிறது.

வேலாயுதம் வயலிலிருந்து வந்தார். யாருடைய வயலிலோ கூலிக்குத் தண்ணீர் இறைத்துவிட்டு வருகிறார். காரோட்டிய கையில் கயிறு உரசிய கொப்புளம். பேரிங் எங்கள் மேஸ்திரி போட்டது, நான் தெரியாமல் வாயை விட்டுவிட்டேன், தப்பு என்னுடையது என்று நின்றபடியே சொன்னேன். அடித்தாலும் வாங்கிக்கொள்வதாகத்தான் போயிருந்தேன். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு முதலில் கேட்டது ஒன்றுதான்.

"சத்தம் போச்சா?"

இல்லை என்றேன். அவர் முகம் வாடியது. நான் என் தப்பைச் சொன்னபோதுகூட அப்படி வாடவில்லை. அந்த மனிதர் முன்னால் எனக்குக் கூச்சமாக இருந்தது.

உட்கார்ந்து சிலேட்டின் நாலு கேள்வியையும் கேட்டேன். மேடா பள்ளமா என்று பேதமில்லை, திருப்பத்தில்தான். ஆள் நிறைய ஏறினால் கூடும். இது எங்களுக்கும் தெரிந்ததுதான். மூன்றாவது கேள்விக்குத்தான் எங்களுக்குத் தெரியாத பதில் வந்தது. காலையில் குறைவு, வெயில் ஏற ஏறக் கூடும், மழை பெய்த அன்று கேட்கவே கேட்காது என்றார். எப்போது ஆரம்பித்தது என்றேன். திருநெல்வேலிக்குப் போன பிறகு வந்ததில்லை, சித்திரையிலேயே லேசாக இருந்தது, எசமான் காதில் விழுந்ததுதான் இப்போது என்றார்.

"வருசா வருசம் கோடையில லேசாக் கேக்கும் தம்பி. சாரலுக்குக் குத்தாலம் போயிட்டு வந்தா போயிரும். இந்த வருசந்தான் பெரிய எசமான் தவறிட்டாவளே, துக்க வருசம்னு யாரும் போவல."

 குற்றாலத்தில் வண்டியை எங்கே நிறுத்துவீர்கள் என்று கேட்டேன். பாலத்துக்குக் கீழே, அருவித் தண்ணீர் ஓடுகிற ஓடையில் இறக்கி நிறுத்துவாராம். வீட்டார் குளித்து, எண்ணெய் தேய்த்து, மறுபடி குளித்து, சாப்பிட்டு வரப் பொழுது சாய்ந்துவிடும். அதுவரைக்கும் வண்டியைக் கழுவுவாராம். குற்றாலத்தில் தங்குகிற பதினைந்து நாளும் சக்கரங்கள் பாதிக்கு மேல் தண்ணீரில் நிற்கும்.

நான் சைக்கிளை மிதித்த வேகத்தைப் பார்த்து வழியில் இரண்டு பேர் என்ன விபரீதம் என்று கேட்டார்கள். விபரீதம் ஒன்றுமில்லை, மரம். சித்திரை வெயிலிலும் ஆடிக்காற்றிலும் ஆரக்கால்கள் காய்ந்து சுருங்குகின்றன. வருஷா வருஷம் குற்றாலத்து ஓடை அவற்றை ஊறவைத்து இறுக்கிவிடுகிறது. பண்ணையார் வீட்டார் அருவியில் குளித்தது அவர்களுக்கு நல்லதோ என்னவோ, வண்டிக்கு அதுதான் வைத்தியமாக இருந்திருக்கிறது. இந்த வருஷம் பண்ணையாரின் அப்பா போய்ச் சேர்ந்தார். வைத்தியம் நின்றுபோயிற்று. பெயின்டு தடிமனாக மேலே மூடியிருந்ததால் எங்கள் கண்ணுக்கு இடுக்கு தெரியவில்லை.

திங்கட்கிழமை காலையில் மேஸ்திரியிடம் எங்கே போனேன் என்று சொன்னேன். முகம் சிவந்தது. ஆனால் பேசவில்லை. வாயில் கிராம்பு இருந்தது, என் நல்ல காலம். ஒரு சுண்ணாம்புக் கட்டியை எடுத்து, ஒவ்வொரு ஆரக்காலும் வட்டையில், அதாவது சக்கரத்தின் வெளிவளையத்தில், இறங்குகிற இடத்தில், இரண்டையும் சேர்த்து ஒரு கோடு போட்டேன். வண்டியை ஸ்டேஷன் வரைக்கும் ஓட்டி நாலு தடவை திருப்பிக்கொண்டு வந்தேன். இடது முன்சக்கரத்தில் ஏழு கோடுகள் முறிந்து விலகியிருந்தன. மேஸ்திரி குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு கோட்டையும் விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு அந்த ஒரு சக்கரத்தை மட்டும் ஈரச் சாக்கால் சுற்றி, நாள் முழுவதும் தண்ணீர் ஊற்றினேன். மறுநாள் காலையில் ஓட்டினோம். டொக் இல்லை.

மேஸ்திரி சிலேட்டில் இருந்ததை எல்லாம் அழித்தார். சுண்ணாம்புக் கட்டியை என்னிடம் நீட்டி, "எழுது" என்றார். கண்டுபிடித்த காரணத்தை அந்தச் சிலேட்டில் எழுதுவது அதுவரைக்கும் மேஸ்திரி மட்டும்தான். இடது முன்சக்கரம், மரம் காய்ந்தது என்று எழுதினேன். இன்றைக்கு நினைத்தாலும் நெஞ்சு நிமிர்கிறது.

ஆனால் ஊறவைப்பதே போதும் என்று நான் சொன்னபோது மடக்கினார். "தண்ணி ஊத்தி ஓட்ட இது என்னலே, பூச்செடியா?" என்றார். அவர் சொன்னது நியாயம். ஊறிய மரம் காய்ந்தால் முன்னைவிட அதிகமாகச் சுருங்கும். வருஷா வருஷம் நடந்ததும் அதுதான். மேலகரத்தில் மாட்டுவண்டிச் சக்கரம் செய்கிற கோலப்பன் ஆசாரியிடம் கொண்டுபோகலாம் என்றேன். கார் சக்கரத்தைக் கட்டைவண்டிக்காரனிடம் கொடுப்பதா என்று மேஸ்திரிக்கு மனசே இல்லை. கடைசியில் என்னோடு வந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். ஆசாரி ஒவ்வொரு ஆரக்காலாகக் கழற்றி நிழலில் காயவைத்து, அதன் முனைக்கு மெல்லிய பித்தளைத் தகடு கொடுத்து, மறுபடி அறைந்து இறக்கினார். சுத்தியலால் தட்டினால் அத்தனை காலும் ஒரே குரலில் பேசின. நாலு சக்கரத்துக்கும் ஒன்பது நாள் ஆயிற்று. கடைசி நாள் மேஸ்திரி ஆசாரிக்கு ஒரு கிராம்பு கொடுத்தார். அவர் யாருக்கும் கிராம்பு கொடுத்து நான் பார்த்ததில்லை.

பண்ணையாருக்குச் சொல்லி அனுப்பினோம். நான் போய் வேலாயுதத்தை அழைத்தேன். வண்டியைப் பார்க்கத்தான் வருகிறேன், பண்ணையாரைப் பார்க்க அல்ல என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார்.

பட்டறை வாசல், அதே காப்பிக் கடை, பெஞ்சில் ஏறக்குறைய அதே ஆட்கள். பண்ணையார் வந்து இறங்கியதும், எதிர்ப்பக்கத்துக்கும் கேட்கும்படி நான் சொன்னேன். அன்றைக்கு நான் சொன்னது தப்பு, பேரிங்கை மாற்றியது எங்கள் பட்டறை, வண்டியில் ஒரு சாமானும் களவு போகவில்லை, சத்தம் சக்கரத்து மரம் காய்ந்ததால் வந்தது என்றேன். அதோடு மேஸ்திரி சேர்த்துச் சொன்னார்.

"நாலு வருசம் முன்ன நான் போடும்போது நீங்க இங்கனதான் நின்னிய."

 பண்ணையாருக்கு ஞாபகம் வந்துவிட்டது என்பது முகத்தில் தெரிந்தது. ஓட்டிப் பார்க்கலாம் என்று மட்டும் சொன்னார். வேலாயுதம் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். நான் அவர் பக்கத்தில். பண்ணையாரும் மேஸ்திரியும் பின் சீட்டில். ஐந்தருவி வரைக்கும் ஏறிப்போனோம்.

இறக்கத்தின் தலைப்பில் மேஸ்திரி பின்னாலிருந்து, "அமத்தும்" என்றார். வேலாயுதம் இன்ஜினை அணைத்தார். வண்டி தானாக உருளத் தொடங்கியது. முதல் திருப்பம். ஒன்றுமில்லை. இரண்டாவது. ஒன்றுமில்லை. மூன்றாவது திருப்பத்தில்தான் எப்போதும் ஓங்கி அடிக்கும். நான் கதவுப் பிடியை இறுக்கிக்கொண்டேன். டயர் உருளுகிற சத்தமும், எங்கோ தண்ணீர் விழுகிற சத்தமும் மட்டும்தான் கேட்டன. எனக்குக் கத்தவேண்டும்போல் இருந்தது. அடக்கிக்கொண்டேன்.

"வேலாயுதம்" என்றார் பண்ணையார். முன்னால் ஏலே இல்லை. "நான் சொன்னது தப்பு."

பத்து வீட்டுக்குக் கேட்கப் பேசுகிறவர் அதை மெதுவாகத்தான் சொன்னார். இன்ஜின் ஓடியிருந்தால் முன் சீட்டில் இருந்த எனக்கே கேட்டிருக்காது. அந்த வண்டியில் இப்போது வேறு எந்தச் சத்தமும் இல்லாததால் நாலு பேருக்கும் கேட்டது.

வேலாயுதம் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எனக்குக் கேட்டுருச்சு எசமான். பட்டறை வாசல்லயும் ஒருக்கா சொல்லிருங்க."

மேஸ்திரி ஒரு கிராம்பை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். இறக்கம் முடிந்ததும் வேலாயுதம் இன்ஜினை ஓடவிட்டார். தென்காசிக்கு வந்து, வண்டியைப் பட்டறைக்குள் திருப்பாமல் காப்பிக் கடைக்கு நேராக நிறுத்தி இன்ஜினை அணைத்தார். ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தார். பெஞ்சில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்கள்.  பண்ணையார் கதவைத் திறந்து இறங்கி, அவர்கள் பக்கம் நடந்துபோய், தம் பழைய குரலிலேயே சொன்னார்.

"வேலாயுதம் மேல ஒரு குத்தமும் கிடையாது. நான்தான் தப்பாப் பேசிட்டேன்."